பழைய ஜீப்பு வாங்கப் போகிறீர்களா?

(வேங்கிக்கால் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற நான், இன்றைக்கு ஒரு வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேங்கிக்காலில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிற மலைப்பக்கத்து விவசாயிகள், வந்த வேலை முடிந்ததும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சார், நாலு வீலும் இழுக்கிற பழைய ஜீப்பு ஒன்னு மலிவா வருது. வாங்கிப் போடலாமா?"

வாங்கலாம், வாங்கக் கூடாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலைக்காரர்களுக்கு மாடு பார்த்து வாங்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீபத்தையொட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அதற்கப்புறம்தான் துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கிறோம். அப்படிப்பட்ட நாம், ஜீப்பு என்று வந்ததும் புதுப் பெயிண்டையும் பெரிய டயரையும் பார்த்துவிட்டு, 'சரி'ன்னு தலையாட்டி விடுகிறோம். ஆகவே ஜீப்புக்குப் பல் எது, சுழி எது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

உங்களுக்குத் தேவையா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தார் ரோட்டோரம் நிலம் இருக்கிறது, மழைக்காலத்தில் நாலு நாள் மட்டும் வரப்பு வழி சேறாகிறது என்றால், அந்த நாலு நாளைக்காக ஜீப்பு வேண்டாம். டிராக்டரும் டிப்பரும் வாடகைக்குக் கிடைக்கும். அதுவே மலிவு.

ஜவ்வாது மலையில் நிலைமை வேறு. ஜமுனாமரத்தூரைச் சுற்றி, கானமலை, வீரப்பனூர், நம்மியம்பட்டு போன்ற ஊராட்சிகளில் தார் ரோட்டை விட்டு விலகிய குக்கிராமங்கள் உண்டு. சாமை மூட்டையும் புளியும் தலைச்சுமையாக இறங்குகின்றன. பழுத்த பலா ஒரு நாள் தாமதித்தால் பாதி விலைக்குப் போகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்ததும் இந்த மலையில் நடந்ததுதான். அப்படிப்பட்ட இடத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று ஊரில் இருந்தால் அது பெரிய உதவி. இதில் யாருக்கும் ஐயம் இல்லை.

ஆனால் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலே 5,400 ரூபாய். இதற்கு மேல் ஆயில், டயர், காப்பீடு, பட்டறைக் கூலி. இவ்வளவையும் உங்கள் விளைச்சல் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் வேளாண் பொறியியல் துறை மூலம் மானியம் உண்டு. பழைய ஜீப்புக்கு மானியம் கிடையாது. பயிருக்கென்று வாங்கிய நகைக் கடனை எடுத்து ஜீப்பில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்த வண்டி?

ஜீப்பு என்பது இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி. அந்த வில்லிஸ் ஜீப்பை 1947இல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பாகம் பாகமாக இறக்கிப் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு இங்கேயே செய்தார்கள். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் பி.டி.ஓ. வந்திறங்கிய ஜீப்பைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைக்குப் பழைய விலையில் வருபவை பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, மகிந்திராவின் டீசல் ஜீப்புகள். எம்.எம். 540 வண்டிகளில் பல பியூஜோ வகை 2112 சி.சி. எஞ்சின் கொண்டவை. பின்னால் வந்தவற்றில் 2523 சி.சி. டி.ஐ. எஞ்சின் உண்டு. இந்த எஞ்சின் குடும்பம் பொலேரோவிலும் ஓடியதால் உதிரிப் பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பது எளிது. இரண்டாவது, 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி. எடை குறைவு, மலையில் நன்றாக ஏறும். ஆனால் பெட்ரோல் வண்டி. மூன்றாவது, ராணுவ ஏலத்தில் வெளியே வரும் ஜோங்கா. ஜபல்பூர் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்தது. ஆறு சிலிண்டர், நாலு லிட்டர் அளவுள்ள பெட்ரோல் எஞ்சின். பார்க்க யானை மாதிரி கம்பீரம்தான், தீனியும் யானைத் தீனிதான். விவசாயிக்கு ஆகாது.

ஆக, பெயரைப் பார்க்காதீர்கள். 'இந்த வண்டியின் கிளட்ச் பிளேட்டும் பிரேக் பாகமும் போளூரிலோ திருவண்ணாமலையிலோ கிடைக்குமா?' என்று கேளுங்கள். கிடைக்கும் வண்டியே நல்ல வண்டி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜீப்பு உருவத்தில் இருப்பதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அல்ல. பழைய ஜீப்புகளில் ஏராளமானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. அதற்கு முன் ஆக்சிலை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டி, 'போர் வீல்' என்று விற்பவர்களும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலும், அடியில் குனிந்து பார்த்தால் தெரிகிற வண்டியும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

காகிதம்தான் முதல் பல்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஆர்.சி. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பரிவாகன் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு தேதி, காப்பீடு, கடன் பாக்கி போன்ற விவரங்கள் தெரியும். வீட்டுப் பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துச் சொல்லி விடுவார்கள். பிறகு வண்டிக்கு முன்னால் நின்று, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். சேஸிஸ் எண் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால், ராவி வெட்டியதோ புதிதாகக் குத்தியதோ தெரிந்துவிடும். எஞ்சினை மாற்றியிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்கு மேல் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்தக் கட்டணத்தை உயர்த்தி, 20 ஆண்டு தாண்டிய இலகு வாகனத்துக்கு 10,000 ரூபாய் என்று வகுத்தார்கள். பசுமை வரி தனி. வாங்கப் போகும் நாளில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, அதை வண்டி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 80 ஆயிரத்துக்கு வந்த வண்டி எவ்வளவில் போய் நிற்கிறது என்பது அப்போது புரியும்.

வெளி மாநில வண்டி இன்னும் மலிவாக வரும். தில்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொல்லி, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்த பிறகு, அங்கிருந்து பழைய வண்டிகள் தெற்கே வருவதுண்டு. அப்படி வருகிற வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுக்கும் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரி கட்ட வேண்டும், நம்பரும் மாற்ற வேண்டும். ராணுவ ஏல வண்டி என்றால், ஏலத்தில் விடுவித்த அசல் கடிதம் இல்லாமல் பதிவு ஆகாது. 'அப்புறம் வாங்கித் தர்றேன்' என்கிற வாய்ச்சொல்லுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பெயர் மாற்றம் படிவம் 29, 30. பாங்கு கடன் இருந்தால் அது அடைந்ததற்குப் படிவம் 35. விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். "அண்ணே, நமக்குள்ள என்ன, பேரு அப்படியே இருக்கட்டும்" என்று நாலு கை மாறிய வண்டிகள் நம் மாவட்டத்தில் நிறைய ஓடுகின்றன. விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அவர்தான் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எப்போதோ விற்ற ஜீப்புக்காக ஒருவர் நிலத்தை விற்று நஷ்ட ஈடு கட்டும்படி ஆகலாம். வாங்குகிறவரைவிட விற்கிறவர்தான் இதில் அதிகம் விழிப்பாக இருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கும் முறை

காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும், ஒரு ஜாக்கியையும், ஒரு பழைய சாக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாக்கு எதற்கென்றால், அடியில் படுத்துப் பார்க்கத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ். இதுதான் வண்டிக்கு முதுகெலும்பு. எஞ்சினை மாற்றலாம், பாடியை மாற்றலாம், சேஸிஸ் போனால் வண்டி போயிற்று. ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் முடுக்கியிருக்கும் இடம், குறுக்குச் சட்டங்கள், இந்த மூன்று இடங்களில் விரிசலோ பல தடவை வைத்த வெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துரு தின்ற இரும்பு மொத்தென்று சொல்லும். தடிமனாகப் புதிய கறுப்பு மை அடித்திருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

அடுத்து எஞ்சின். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளினால் ரிங்கும் போரும் தேய்ந்தது. சைலன்சரில் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெண்புகை வந்து போனால் பரவாயில்லை. நிற்காமல் வந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் வேலை செலவு வைக்கும், ஆனால் ஆளைக் கொல்லாது. ஆளைக் கொல்வது பிரேக்கும் ஸ்டியரிங்கும்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் சும்மா ஆடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின்னோ வீல் பேரிங்கோ போயிருக்கும். இந்த ஆட்டத்தோடு ஓட்டினால், ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று உதறும். மலைப்பாதையில் அப்படி உதறினால் வண்டி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாலு சக்கர இழுவை நிஜமாகவே வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நாலு சக்கர லீவரைப் போடுங்கள். முன்சக்கரத்தில் லாக்கிங் ஹப் இருந்தால் அதையும் பூட்டுங்கள். பிறகு முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டால் இழுவை சேர்ந்திருக்கிறது. ராட்டினம் போலச் சுற்றினால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது, அல்லது முன் புரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றி விற்றுவிட்டார்கள். மறு சக்கரத்துக்கும் இதே போல் செய்து பாருங்கள்.

பணத்தை எங்கே போடுவது?

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்து விடாதீர்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசின கதையாகி விடும். ஒரு பேச்சுக்கு 2 லட்சம் ரூபாய் இருக்கிறதென்றால், வண்டிக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் போக வேண்டாம். மீதி 80 ஆயிரம் காகிதத்துக்கும் பழுது பார்ப்பதற்கும்.

அந்த 80 ஆயிரத்தையும் வரிசையாகச் செலவிட வேண்டும். வரிசை மாறினால் ஆபத்து.

முதலாவது பிரேக். பழைய ஜீப்புகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியாகத்தான் போகிறது. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய், மாஸ்டர் சிலிண்டர் வாஷர், வீல் சிலிண்டர், லைனிங் எல்லாம் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானதும் கொதித்துக் குமிழி விடும். அப்போது மிதித்தால் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அந்தக் காலத்து ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அங்கே ஆயில் கசிந்தால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழக்கத்தை விடக் கூடாது.

இரண்டாவது ஸ்டியரிங், கிங்பின், டை ராட் எண்ட், ஸ்பிரிங் பட்டை, யு-போல்ட். மூன்றாவது டயர். ஐந்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்றால் கியர் பல்லுக்குத்தான் கேடு. நான்காவது ரேடியேட்டரும் தண்ணீர்க் குழாயும். ஐந்தாவது நாலு சக்கர இழுவைப் பாகங்கள். ஆறாவது எஞ்சின். பெயிண்டும் சீட்டும் கடைசி. அவை இல்லாவிட்டாலும் பலா சந்தைக்குப் போய்ச் சேரும்.

இளைஞர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். முதலில் பெரிய பட்டன் டயர், அடுத்து ஸ்பிரிங்கைத் தூக்கி உயரம் கூட்டுவது, அடுத்து வரிசை விளக்கு. வண்டி உயர உயர அதன் பாரமும் உயரத்துக்குப் போகிறது. சரிவில் குடை சாய்வது அதனால்தான். பெரிய டயரை நிறுத்தப் பழைய பிரேக்குக்குச் சக்தியும் போதாது. அதோடு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பாடியை வெட்டி நீட்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டு போனால் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

ஓட்டும் முறை

நாலு சக்கர லீவரைத் தார் ரோட்டில் போடக் கூடாது. காரணம் இதுதான். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் திரும்பும்போது வெளிப்பக்கத்து மாடு அதிக தூரம் நடக்கிறது. அதுபோலத் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். லீவரைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைந்து விடுகின்றன. சேற்றிலும் மண்ணிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. முறுக்கு ஏறி, கியர் பெட்டியோ ஷாஃப்டோ உடையும். சேறு வருவதற்கு முன்னால் லீவரைப் போடுங்கள், தார் வந்ததும் எடுத்து விடுங்கள்.

நாலு சக்கர இழுவை என்றால் எங்கேயும் சிக்காது என்றும் எண்ண வேண்டாம். சாதாரண ஜீப்பில் முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் ஒரு சக்கரமும் அந்தரத்தில் நின்றுவிட்டால், அவை இரண்டும் வீணாகச் சுற்றும், வண்டி நகராது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். நிறுத்தி, இறங்கி, கல்லையும் தழையையும் அடியில் போட்டு மெதுவாக எடுக்க வேண்டும். மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஜீப்பில் சின்ன லீவரை 'லோ'வில் போட்டால் சக்கரத்துக்கு வரும் இழுவை சுமார் இரண்டரை மடங்கு கூடும், வேகம் அதே அளவு குறையும். பலரும் இதை ஏறுவதற்கு மட்டும் போடுகிறார்கள். உண்மையில் இறங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். மண் சரிவில் இறங்குமுன் நின்று, லோவும் முதல் கியரும் போட்டு, எஞ்சின் பிடியிலேயே இறக்குங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். கிளட்சை மிதிக்காதீர்கள், நியூட்ரலில் உருட்டாதீர்கள், டீசல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைக்காதீர்கள். லோ என்பதும் நாலு சக்கர லீவர் போட்ட நிலைதான். ஆகவே போளூர் மலைப்பாதை போன்ற தார் ரோட்டில் லோ வேண்டாம், சாதாரண இரண்டாவது, மூன்றாவது கியரின் பிடி போதும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது நல்ல வழக்கம்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை எப்படி வந்தது என்று பார்த்தோம். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் ஜீப்பையும் புரட்டிவிடும். நாலு சக்கர இழுவை அங்கே உதவாது, டயர் தரையைத் தொட்டால்தானே இழுக்கும்? நின்ற தண்ணீர் ஆனாலும், எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்குள் போய்விட்டால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போய்விடும். ஒருவர் கோல் ஊன்றி நடந்து ஆழம் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். கோடையில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால், சூடான சைலன்சர் பட்டுத் தீப்பிடிக்கும். பிறகு மலையே எரியும்.

ஆள் ஏற்றுவது

கடைசியாக, ஆனால் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது. ஊரில் ஒரு ஜீப்பு இருந்தால் எல்லோரும் ஏறுவார்கள். "மாமா, சந்தை வரைக்கும் விட்டுடுங்க" என்றால் மறுக்க மனம் வராது. பின்னால் பத்துப் பேர், பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு நாலு பேர். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பக்கத்தில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற வேன் ஒன்று கவிழ்ந்து 11 பேர் இறந்து போனார்கள். மலை விட்டுக் கொடுக்காது. ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ அத்தனை பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். சொந்த வண்டியில் கூலிக்கு ஆளோ சரக்கோ ஏற்றினால் காப்பீடு கைவிட்டு விடும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஆனால் அது மட்டும் இருந்தால், வண்டிக்குள் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்காமல் போகலாம். அவர்களுக்கும் சேர்த்து என்ன கட்ட வேண்டும் என்று காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டுக் கட்டிவிடுங்கள்.

பராமரிப்பு அதிகம் ஒன்றுமில்லை. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடி வந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவி, நிப்பிள்களில் கிரீஸ் அடியுங்கள். பிரேக்கை நாலு தடவை மிதித்துக் காய வையுங்கள். கியர் ஆயிலும் ஹவுசிங் ஆயிலும் மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றுங்கள். மாதம் ஒரு தரம் யு-போல்ட் நட்டுகளை முடுக்குங்கள்.

ஆக, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். தேவை இருந்தால் மட்டும் வாங்குங்கள். காகிதம், சேஸிஸ், ஸ்டியரிங், பிரேக் என்ற வரிசையில் பாருங்கள். வண்டி விலைக்கு மேல் பழுது பார்க்கப் பணம் ஒதுக்கி வையுங்கள். மலை ஏறுவதற்கு நாலு சக்கரமும் இழுத்தால் போதும். ஏறியவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்றால், இறங்குவதற்கு வேண்டிய பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் முதலில் சரி செய்ய வேண்டும். முதல் ரூபாயை அங்கே போடுங்கள்.

வரும் பலாப் பருவத்துக்குள் வண்டி வாங்க நினைத்திருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. நகலோடு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வாருங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.